பத்தியா, கேள்வியா: எதை முதலில் படிப்பது?

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் (CLAT) இளநிலை நுழைவுத் தேர்வில் 120 நிமிடங்களில் 120 கேள்விகள் என்பதாலும், தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் குறையும் என்பதாலும், மதுரையில் என்னிடம் பயிலும் மாணவர்கள் தருக்கப் பகுதியில் கேள்விகளைப் பார்த்துவிட்டே பத்திக்குச் செல்ல விரும்புகின்றனர். ஆனால் ஒரே பத்தியின் கீழ் பல கேள்விகள் வரும்போது, அத்தனையையும் மனத்தில் சுமந்து படிப்பவரின் கண் சொற்களைத் தேடுமே தவிர வாதத்தைப் பின்தொடராது.

'ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஆகவே மாட்டுத்தாவணியில் மல்லிகை விலை இறங்கும்' என்ற வாதத்தை முதலில் நிதானமாகப் படித்தவருக்கு, விலையைத் திருமணங்களே முடிவுசெய்கின்றன என்னும் சொல்லப்படாத அனுமானம் தென்பட்டுவிடும். ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில்களுக்குப் பூ அதிகம் தேவைப்படுவதைச் சுட்டும் விடையே வாதத்தைத் தளர்த்தும் என்பதையும் அவர் கண்டுகொள்வார். ஆகவே நான் பரிந்துரைப்பது பத்தியை முதலில் படிப்பதையே. இரண்டு மூன்று வரி வாதமும் ஒற்றைக் கேள்வியுமாக வரும் தாள்களில் மட்டும் கேள்வியை முந்திப் பார்க்கலாம்.