கழுத்தில் கோளாறு, இடுப்புக்கு வைத்தியம்: 2,880 வெள்ளி போச்சு

24 முறை சிகிச்சைக்கு முன்பணம் 2,880 வெள்ளி. சிங்கப்பூரில் எங்கள் வட்டாரக் கடைத்தொகுதியில் இருக்கும் ஒரு முதுகெலும்பு சீரமைப்பு நிலையம் எங்கள் அத்தையிடம் கறந்த தொகை இது.

அத்தைக்குக் கழுத்து வலி கிடையாது. ரவிக்கைக் கொக்கி மாட்ட விரல் வரவில்லை. காலில் செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்தார். நெஞ்சைச் சுற்றி இறுக்கம், சிறுநீர் அவசரம், தலை குனிந்தால் முதுகில் ஷாக். கழுத்தில் தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) நசுங்கினால் இப்படித்தான் வரும். கால், சிறுநீர்ப்பைக்குப் போகும் பாதைகள் கழுத்து வழியாகத்தானே இறங்குகின்றன! வலியே இல்லாமலும் கால் தள்ளாடும்.

அங்கே வெள்ளை அங்கிக்காரர் எக்ஸ்ரேயைக் காட்டி, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இடுப்பெலும்புதான் நகர்ந்திருக்கு, நான் நிமிர்த்திடுறேன்" என்றார். பெற்ற பிள்ளைபோல் பேசினாராம். அத்தை அந்த இடத்திலேயே நெட்ஸ் அட்டையில் 2,880 வெள்ளி கட்டிவிட்டார்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது. அதற்குக் கழுத்து எம்ஆர்ஐ வேண்டும். முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்: இடுப்பில் நரம்பு அழுந்தினால் காலின் துள்ளல் குறையும், கழுத்தில் தண்டுவடம் நசுங்கினால் பெரும்பாலும் கூடும். தட்டவே இல்லை. அதைவிடக் கொடுமை, கழுத்தையும் திருகி நெட்டி முறித்தார்கள். நசுங்கிய தண்டுவடம் இருக்கும் கழுத்தில் செய்யவே கூடாதது அது. பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) டாக்டர்தான் முழங்காலைத் தட்டிவிட்டு உடனே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். இப்போது அத்தை அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறார்.

பணத்தைக் கேட்டால் முதலில் "மேனேஜர் கூப்பிடுவார்". பிறகு "கையெழுத்துப் போட்டிருக்கீங்களே". கடைசியாக, மிச்ச முறைகளை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றித் தருகிறார்களாம்! எங்கள் வீட்டில் இன்னொரு கழுத்தா வேண்டும்? இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான்.

அவசரமாகச் சில:

10 நொடியில் கையை முழுதாக மூடித் திறந்து எண்ணுங்கள். 20 வராவிட்டால், கூடவே நடையும் தள்ளாடினால், டாக்டரிடம் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் திடீரெனச் செயலிழந்தாலோ சிறுநீர் நின்றாலோ 995-இல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

முன்பணத் தொகுப்பு வாங்காதீர்கள். இயன்முறை (பிசியோ) சிகிச்சையாளர்களுக்கு இங்கே சட்டப்படி பதிவு உண்டு. எலும்பை நெட்டி முறிக்கும் கைரோபிராக்டர்களுக்குக் கிடையாது.

ரசீது, குறுஞ்செய்தி எல்லாவற்றையும் படம்பிடித்து வையுங்கள். 20,000 வெள்ளி வரை சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், இரண்டு ஆண்டுக்குள். 2,880 வெள்ளிக்கு நாங்கள் போகிறோம்.