ரயில் பயணத்துக்கு '24' அட்டைகள்: விதியை மாற்றி விளையாடுங்கள்

ராபர்ட் சன் 1988-இல் உருவாக்கிய '24' அட்டைக்கட்டு, நீண்ட ரயில் பயணத்துக்கு எடுத்துச்செல்லத் தகுந்த அருமையான கணக்கு விளையாட்டு. ஒவ்வொரு அட்டையிலும் 4 எண்கள். நான்கையும் தலா ஒருமுறை பயன்படுத்தி, கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ 24 வரவழைக்க வேண்டும். விடையில்லாத அட்டை கிடையாது. 6-உம் 9-உம் குழம்பாதிருக்க 9-இன் நடுவில் சிவப்பு நிரப்பியிருப்பது எதிர் சீட்டிலிருந்து தலைகீழாகப் பார்ப்பவருக்குப் பேருதவி.

சிக்கல் விதியில்தான் இருக்கிறது. நடுவில் வைத்த அட்டையை முதலில் தொட்டவர் விடை சொல்லலாம். அட்டை எவ்வளவு கடினம் என்று காட்ட அதில் அச்சிட்டிருக்கும் புள்ளிகளைப் பொறுத்து 1, 2 அல்லது 3 மதிப்பெண். மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் இது சரி. ரயில் பெட்டியில் ஜன்னலோரம் இருப்பவருக்குக் கை எட்டாது. அதைவிட மோசம், வேகமான ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள, மெதுவாக யோசிக்கும் பிள்ளை நாலைந்து அட்டையிலேயே ஒதுங்கிவிடும்.

அதனால் தொடுவதை விட்டுவிடுங்கள். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி அட்டைகளுக்கு 1 நிமிடம். மூன்று புள்ளிக்கு 2 நிமிடம். விடை கிடைத்தவர் துண்டுத்தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நேரம் முடிந்ததும் சரியாக எழுதிய எல்லோருக்கும் புள்ளிக்கேற்ற மதிப்பெண், அவர்களில் முதலில் கவிழ்த்தவருக்குக் கூடுதலாக 1. தவறென்றால் 1 குறையும். இந்தக் கழிவு இல்லாவிட்டால் அரைகுறை விடையைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

2-ஐயும் 4-ஐயும் ஒட்டி 24 என்பது, அடுக்கு, வர்க்கமூலம் மூன்றும் கூடாதென்று வண்டி கிளம்பும்போதே பேசிவிடுங்கள். பின்னம் கட்டாயம் உண்டு. 3, 3, 8, 8-க்கு வழியே 8 ÷ (3 − 8 ÷ 3) தான். சரிபார்ப்பவர் 8 ÷ 3-ஐ 2.67 என்று சுருக்கினால் 24.24 வந்து, சரியான விடை தவறாகத் தெரியும். 8/3 என்றே வைத்துக் கழித்தால் 1/3. 8-ஐ அதால் வகுத்தால் 24. அடைப்புக்குறி போடாத விடையையும் ஏற்க வேண்டாம்; சண்டையில் பாதி அதில்தான் தொடங்கும்.

கட்டு கைவசம் இல்லையா? சீட்டுக்கட்டில் படங்களை எடுத்துவிட்டு, ஏஸை 1 என்று வைத்துக்கொண்டு, 4 சீட்டு விரியுங்கள். ஆனால் 1 முதல் 10 வரையான எண்களில் அமையும் 715 சேர்க்கைகளில் 566-க்குத்தான் 24 வரும். ஆகவே "முடியாது" என்பதையும் ஒரு விடையாக ஏற்க வேண்டும். அப்படி எழுதியவருக்கு, மேலும் 2 நிமிடம் தேடியும் யாருக்கும் வழி கிடைக்காவிட்டால் 2 மதிப்பெண். யாராவது கண்டுபிடித்தால் அவருக்கு 3, முடியாதென்றவருக்கு 2 கழிவு.

காரில் போகிறவர்களுக்கு அட்டையே தேவையில்லை. முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டில் கடைசி 4 இலக்கம் போதும். இலக்கு 24 அல்ல, 10. ஜப்பானில் ரயில் டிக்கெட்டில் இருக்கும் 4 இலக்க எண்ணை வைத்து இதையே விளையாடுவார்கள். ஓட்டுநரை மட்டும் சேர்க்காதீர்கள். பூஜ்ஜியம் இல்லாமல் நான்கும் வெவ்வேறு இலக்கமாக இருந்தால் 10 நிச்சயம் வரும். அங்கே "முடியாது" செல்லாது. 3478 கொஞ்சம் அலைக்கழிக்கும்: 8 × (3 − 7 ÷ 4).