மோப்பம் போனால்: ரோஜாவா, ஸ்டீராய்டா?

காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் ஆகியும் மூக்கு மட்டும் திரும்பவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் அடிப்பிடித்துத் தீய்ந்துகொண்டிருக்க, அதே மேடையில் நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து மாமியார் கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் இதற்கு என்ன வழி என்று படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது முகர்தல் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பரவியது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் (நம்ம நீலகிரித் தைலம்) ஆகிய நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகப் பத்து விநாடிபோல முகர வேண்டும், 12 வாரம். பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் மூக்கின் உச்சியிலுள்ள மோப்ப நரம்பு செல்கள் பெரியவர்களிடமும் புதிதாக முளைக்கக்கூடியவை. முளைத்து வரும் செல்களுக்கு வேலை கொடுத்துப் பழக்குவதுதான் இதன் கணக்கு.

ஒரு விஷயத்தில் நன்றாக ஏமாந்தேன். முதல் வாரமே நீலகிரித் தைலம் சுள்ளென்று ஏறியது. மணம் வந்துவிட்டதென்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டேன். அது மணமே இல்லை. அந்தக் குளிர்ச்சியும் எரிச்சலும் முகத்துக்குப் போகும் வேறொரு நரம்பின் வேலை. ரோஜாவில் அந்த எரிச்சல் கிடையாது, அதனால் அதுதான் நேர்மையான பரீட்சை. அதில் எனக்குப் பூஜ்யம்.

சரி, ஸ்டீராய்டு? மாத்திரைக்கு ஆசைப்படாதவர் யார்! ஆனால் வைரஸுக்குப் பிறகு வரும் இழப்பில் அது உதவும் என்பதற்குச் சான்று பலவீனம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வம்பும்கூட. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே உச்சி வரை சரியாகப் போய்ச் சேருவதில்லை. உப்புத் தண்ணீரில் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து மூக்கைக் கழுவுவதுதான் கொஞ்சம் உருப்படியானது. ஸ்டான்ஃபோர்டில் 133 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், பயிற்சியோடு இதையும் செய்தவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் தேறினார்கள். பயிற்சியோடு வெறும் உப்புத் தண்ணீரில் கழுவியவர்களில் சுமார் 27 சதவீதம். ஆக, இரண்டும் போட்டியே இல்லை, ஜோடி. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் செய்யுங்கள். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்டால் மூளையைத் தின்னும் அமீபாவுக்குக் கதவைத் திறந்த மாதிரி.

துத்தநாக மாத்திரையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூக்கில் போடும் துத்தநாக ஜெல்லோ மோப்பத்தையே பறிக்கலாம் என்று 2009-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கு நல்ல சேதி வந்திருக்கிறது, ஆனால் சின்னச் சின்ன ஆய்வுகளிலிருந்து. அதற்காக இப்போது பர்ஸைத் திறக்க மாட்டேன்.

நான் பயிற்சியையும் கழுவுவதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். ஏழாவது வாரம் காபி மணத்தது, டயர் எரிகிற மாதிரி! பதறிப்போய்க் கேட்டால், "நரம்பு முளைக்கும்போது இப்படியும் வரும், விடாதீங்க" என்றார் காது மூக்கு தொண்டை டாக்டர். அப்புறம், மாமியார் தன் டபராவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குக் குடியேறிவிட்டார்.