க்யூ கையில் மாட்டிக்கொண்டால்: காலின்ஸ் ஸிஸிவா பற்றி

எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை என்றால், எழுத்துகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள்தான். சிங்கப்பூரில், ஈசூன் வீட்டுக் கூடத்தில் மேசையைத் துடைத்து, டீ குவளைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, என் அப்பாவும் தொடக்கநிலை 5 படிக்கும் என் மகளும் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள், நான் புள்ளி எழுதுவேன். சில மாதங்களுக்கு முன்பு அப்பா பலகையில் இருந்த ஓவுக்கு முன்னால் இசட் வைத்து ‘ஸோ’ ஆக்கினார். இசட் விழுந்தது எழுத்தின் புள்ளியை மும்மடங்காக்கும் கட்டத்தில், மொத்தம் 31 புள்ளி. மகள் உடனே என் கைப்பேசியை எடுத்து, எழுத்தைக் கொடுத்தால் சொல் தேடித்தரும் ஓர் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தாள்.

“தாத்தா, இப்படி ஒரு வார்த்தையே இல்ல.”

“இருக்கு அம்மாடி. அது மாடு.”

தளம் இல்லை என்று சொல்லிவிட்டதால் அவர் இசட்டை எடுத்துக்கொண்டு ஒரு முறையை இழந்தார். அவர் பேசாமல் இருந்துவிட்டார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அன்று இரவு தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸோ என்பது இமயமலைப் பக்கம் வளர்க்கும் மாடு, யாக்கும் பசுவும் கலந்த இனம், அப்பா சொன்னது சரியே. தளம் பார்த்தது வட அமெரிக்கப் பட்டியலை. சிங்கப்பூரில் போட்டி ஆடுபவர்கள் வைத்துக்கொள்வது காலின்ஸ் அகராதியின் சொற்பட்டியல், அதில் ஸோ செல்லும். இரண்டெழுத்துச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே காலின்ஸின் 2019 பதிப்பில் 127, வட அமெரிக்காவின் 2018 பட்டியலில் 107. எந்தப் பட்டியலில் தேடுகிறோம் என்பதை அந்தத் தளம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது, அதுவும் இரண்டு விளம்பரங்களைத் தாண்டிப் போனால்தான் கண்ணில் படும். பிள்ளைகள் நம்பித் தேடுகிற இடத்தில் இப்படிச் செய்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் காலின்ஸ் ஸிஸிவாவைக் கணினியில் இறக்கினேன். இலவசம். ஸ்கிராபிள் போட்டிக்காரர்கள் சொல் படிக்கப் பயன்படுத்தும் மென்பொருள் இது. ஸிஸிவா என்பதே ஒரு வண்டின் பெயர், அமெரிக்க வெப்பமண்டலத்துக் கூன்வண்டு. ஆங்கிலத்தில் அதை எழுத மூன்று இசட் வேண்டும், பெட்டியில் இருப்பது ஒன்று, ஆகவே எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய இரண்டு வெற்று எழுத்துகளும் கையில் இருந்தால்தான் பலகையில் வைக்க முடியும்.

இதில் எனக்கு அதிகம் உதவுவது, இன்னின்ன எழுத்து இருக்க வேண்டும், இது இருக்கவே கூடாது என்று சேர்த்துத் தேடும் வசதி. ஆடுபவர்களுக்குத் தெரியும், ஆட்டம் முடியப்போகிறது, ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின்னால் பெரும்பாலும் வேண்டிய யூ எல்லாம் போய்விட்டது, கையில் க்யூ மட்டும் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பத்துப் புள்ளி நம்மிடமிருந்தே கழியப்போகிறது. நான் க்யூ இருக்க வேண்டும், யூ இருக்கக் கூடாது, நீளம் ஐந்து என்று கொடுத்தேன். திரையில் வந்தவற்றைப் பார்த்து மகளைக் கூப்பிட்டேன். நிகாப். தலாக். பக்கீர். எல்லாவற்றுக்கும் மேலாக, குருமா! தேக்காவில் புரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்கிறோமே, அதே குருமா, க்யூவில் தொடங்கி ஓ, ஆர், எம், ஏ. இவற்றில் பலவும் அரபு எழுத்தான காஃபை ஆங்கிலத்தில் க்யூ என்று எழுதும் பழக்கத்தால் வந்தவை, அதனால்தான் பின்னால் யூ ஒட்டிக்கொள்வதில்லை. வெள்ளைக்காரச் சொல் என்று நினைத்து மிரண்டவளுக்குப் பாதிக்கு மேல் முன்பே தெரிந்த சொற்களாக இருந்தன. இட்லியும் தோசையும்கூட காலின்ஸ் பட்டியலில் உண்டு, கையில் இரண்டு ஐ சேர்ந்துவிட்டால் இட்லி நல்ல வழி.

ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால், பின்னால் எந்த எழுத்து ஒட்டும் என்பதையும் பக்கத்திலேயே காட்டுகிறது. ஸோவுக்கு முன்னால் டி (D) போட்டாலும் செல்லும், அதுவும் அதே மாடுதான். பொருளும் ஒரு வரியில் வருகிறது. ஏழெழுத்துச் சொற்களைக் கையில் வரும் வாய்ப்பின்படி வரிசைப்படுத்தியும் தருகிறது. பெட்டியில் உள்ள 100 எழுத்தில் ஈ மட்டும் 12, ஏவும் ஐயும் ஒன்பது ஒன்பது, ஆகவே ஈ, ஏ, ஐ நிறைந்த சொற்கள் மேலே வரும். ஏழையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல் என்பதால் மனப்பாடம் செய்ய நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் இணைய விளையாட்டான வோர்டலுக்கு உதவுமா என்று அலுவலகத்தில் ஒரு தோழி கேட்டார். உதவும், நடுவில் ஏ, முதலெழுத்து எஸ் அல்ல என்றெல்லாம் கொடுக்கலாம். ஆனால் வோர்டலின் விடைகள் பெரும்பாலும் முதலில் வைத்திருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் சாதாரணச் சொற்களிலிருந்து வருபவை, காலின்ஸ் பட்டியலோ யாரும் கேள்விப்படாத ஐந்தெழுத்துகளையும் கொட்டும். வோர்டலுக்காக மட்டும் இதை இறக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் வீட்டில் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். ஆட்டம் நடக்கும்போது தேடல் கிடையாது, யாராவது ஒரு சொல்லை மறுத்தால் அது செல்லுமா என்று மட்டும் பார்க்கலாம். முடிந்த பிறகு கடைசியாகக் கையில் இருந்த எழுத்துகளைக் கொடுத்து, என்ன வைத்திருக்கலாம் என்று மூவரும் பார்ப்போம். ஆட்டத்தில் விட்டுவிட்ட சொல்லாக இருப்பதால் அப்படித் தேடிக் கண்டது மறப்பதில்லை. ஆட்டத்துக்கு நடுவே தேடி வைத்த சொல் மறுநாள் எங்கள் யாருக்குமே நினைவில் இருந்ததில்லை.

போன ஞாயிறு மகள் க்யூ, ஏ, என், ஏ, டி (T) என்று வைத்தாள். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “இது என்னம்மாடி?” என்றார். “பூமிக்கு அடியில தண்ணி கொண்டுபோற வாய்க்கால் தாத்தா, ஈரான்ல இருக்கு” என்றாள். அவர் மறுக்கவில்லை, 14 புள்ளி எழுதிக்கொண்டேன்.