42,500 ரூபா போச்சு: ஜப்பான் ரீகண்டிஷன் பாண் மெஷின் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுத்து அங்கங்கே தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முகநூலில் ஜப்பான் ரீகண்டிஷன் சாமான், அதாவது அங்கே பாவித்த பழைய சாமானைத் திருத்தி, விற்கிற ஒரு பக்கத்தை நம்பி பாண் மெஷின் வாங்கி 42,500 ரூபாவைப் பறிகொடுத்து நிற்கிறேன். எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இந்த மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும், நம் குளிருக்கு எப்படிப் பாவிக்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என் அம்மாவுக்குச் சீனி வருத்தம். வெள்ளைப் பாணைக் குறைக்கச் சொல்லி கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அவருக்கோ காலையில் பாணும் சம்பலும் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. எங்கள் கொட்டகலைப் பக்கம் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற சூன் பாண் ஆட்டோவில் வெள்ளைப் பாண், மாலு பணிஸ், கிம்புலா பணிஸ் இவ்வளவுதான் கிடைக்கும். சரி, குரக்கன் மா கலந்து வீட்டிலேயே போட்டுக் கொடுப்போம் என்று கையால் பிசைந்து எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஆடி மாத மழையில், அந்தக் குளிரில், ஈஸ்ட் போட்ட மா பொங்கவே மாட்டேன் என்கிறது. அடுப்புப் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் காய்ந்து தோல் கட்டிவிடும், மறுபக்கம் வைத்தது வைத்தபடி கிடக்கும்.

இந்த மெஷினில் அந்தத் தொல்லை இல்லை. மா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் பட்டர் எல்லாவற்றையும் உள்ளே இருக்கிற பாத்திரத்தில் போட்டு மூடிவிட்டால், அடியில் இருக்கிற துடுப்பு சுற்றிச் சுற்றிப் பிசையும், அப்புறம் உள்ளே இருக்கிற சூட்டுக் கம்பி இளஞ்சூடு கொடுத்து மாவைப் பொங்க வைக்கும், கடைசியில் அதே கம்பி பாணை வேகவைத்து முடிக்கும். சாதாரணப் பாணுக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். வெளியே என்ன குளிர் அடித்தாலும் உள்ளே மாவுக்குத் தேவையான சூடு இருக்கும் என்பதுதான் எங்களைப் போல மலையில் இருப்பவர்களுக்கு அதில் பெரிய விஷயம். கடையில் புதிது வாங்குகிற அளவுக்கு என்னிடம் காசு இல்லை. அதனால்தான் ரீகண்டிஷன் பக்கம் போனேன். சீட்டு விழுந்த காசு கையில் இருந்தது.

படத்தைப் பார்த்து மெசேஜ் போட்ட உடனேயே ஒரு பையன் கோல் எடுத்தான். தமிழ்தான். "அக்கா எந்த ஊரு?" என்றான். கொட்டகலை என்றேன். "அட, எங்கம்மா வட்டவளைக்காரங்க அக்கா. நானும் லயத்துல வளர்ந்தவன்தான். நம்ம ஆளுக்குப் பிழையான சாமான் அனுப்புவேனா?" என்று கேட்டான். கொழும்பில் தெரியாத கடைக்காரனிடம் பேசுகிற பயம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. அம்மாவுக்கு என்ன வருத்தம், எத்தனை வருஷமாக, குரக்கன் எவ்வளவு கலக்கப் போகிறேன் என்றுகூட விசாரித்தான். தன் பாட்டிக்கும் சீனி என்றான். இதெல்லாம் உண்மையா பொய்யா என்று இப்போது யாருக்குத் தெரியும்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன், இதைக் கவனியுங்கள். "தம்பி, ஜப்பான் சாமான் நூறு வோல்ட்டுன்னு சொல்றாங்களே, நம்ம கரண்டுக்குச் சரி வருமா?" என்று தெளிவாகவே கேட்டேன். "அதெல்லாம் நாங்களே மாத்தித்தான் அக்கா குடுக்கிறோம். டிரான்ஸ்போமர் ஒண்ணும் வேணாம், நேரா பிளக்குல போடுங்க" என்றான். ஓடவிட்டுக் காட்டு என்றேன், மேசை மேல் மெஷின் ஓடுகிற வீடியோவும் அனுப்பினான், துடுப்பு சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. சாமான் கைக்கு வந்த பிறகு காசு தருகிறேன் என்றதற்கு, அது கொழும்புக்குள் மட்டும்தான் என்றான். ஆறு மாதம் வாரன்டி, பில்லோடு வரும் என்றான். கூரியர் செலவோடு 42,500 ரூபா என்றான், கணக்கில் போட்டேன். போட்ட கையோடு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது: "அக்கா, அம்மாவுக்குப் போடுற முதல் பாணை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பணும், சரியா?" அந்தக் குரல் இப்போதும் ஃபோனில் இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பார்சல் வந்தது. பில்லில் கடை விலாசம் இல்லை, ஒரு ஃபோன் நம்பர் மட்டும். ஆறு மாதம் என்றவன் பேனாவால் "செக்கிங் வாரன்டி 7 நாள்" என்று எழுதியிருந்தான். வயரின் நுனியில் புத்தம் புதிய சதுரப் பின் பிளக், மெஷினுக்குப் பின்னால் "230 வோல்ட்" என்று அச்சடித்த ஸ்டிக்கர். நம் கரண்டும் 230தானே. சரி என்று மாவை அளந்து போட்டு சுவிட்சைப் போட்டேன். திரையில் ஒரு வினாடி வெளிச்சம், அடுத்த வினாடி "டப்" என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் குசினி முழுக்க. அம்மா பயந்து போய்விட்டார். அவ்வளவுதான், மெஷின் செத்துவிட்டது. 42,500 ரூபா ஒரு வினாடியில்.

டவுனில் ரேடியோ, டீவி திருத்துகிற தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் முதல் வேலையாக அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். அடியில் கம்பனியின் உண்மையான தகடு, ஜப்பான் எழுத்துக்கு நடுவில் 100 வோல்ட் என்று தெளிவாக இருக்கிறது. "டீச்சர், உள்ளுக்கு ஒண்ணுமே மாத்தல. பழைய ரெண்டு தட்டைப் பின்னை வெட்டிட்டு நம்ம பிளக்கைப் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார். நூறு வோல்ட்டுக்குச் செய்த சூட்டுக் கம்பிக்கு 230 வோல்ட் கொடுத்தால் அது ஐந்து மடங்குக்கும் மேல் கரண்டைக் குடிக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார், 400 வாட் கம்பி 2,000 வாட்டைத் தாண்டும். ஃபியூஸ் முதலில் போனதால் தப்பினோம், இல்லாவிட்டால் தீப்பிடித்திருக்கும். போர்டு கருகிவிட்டது, மாற்றப் பார்ட்ஸும் இங்கே கிடைக்காது. அவன் அனுப்பிய வீடியோவை அவரிடம் காட்டினேன். வயர் மேசைக்கு அடியில் போய் மறைகிறது, பிளக் எங்கேயும் தெரியவில்லை. அங்கே டிரான்ஸ்போமரை மறைத்து வைத்துத்தான் ஓடவிட்டிருக்க வேண்டும் என்றார். அதாவது அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் வயதான ஒரு நோயாளி இருக்கிற வீட்டுக்கு அதை அனுப்பியிருக்கிறான்.

அன்றைக்கே கோல் எடுத்தேன். முதலில், "மலைநாட்டுல லைன் கரண்ட் கூடிக் குறையும் அக்கா, அதுக்கு நாங்க என்ன செய்ய?" என்றான். ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்தான், பதில் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தபோது, கொழும்புக்கு அனுப்புங்கள் பார்க்கிறோம் என்றான், அதுவும் என் செலவில். அப்புறம் டெக்னீஷியன் லீவு. அப்புறம் வாரன்டி மோட்டருக்கு மட்டும்தான், போர்டுக்கு இல்லை. அடுத்த தடவை வேறு யாரோ எடுத்து, அந்தப் பையன் இங்கே இப்போது வேலை செய்வதில்லை என்று சிங்களத்தில் சொன்னார்கள், பின்னால் அதே பையனின் குரல் எனக்குக் கேட்டது, ஒரு மாதம் பழகிய குரல் மாதிரி அது எனக்கு மனப்பாடம். பிறகு ஒரு மெசேஜ்: இன்னொரு மெஷின் எடுத்தால் 5,000 ரூபா குறைத்துத் தருகிறார்களாம். என் 42,500 ரூபாவை விழுங்கிவிட்டு இன்னும் காசு கேட்கிறார்கள்! அவர்களுடைய முகநூல் பக்கத்தில் கமெண்ட் போட்டேன், அழித்துவிட்டார்கள். மறுபடி போட்டேன், என்னை பிளொக் செய்துவிட்டார்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்று சொன்னவற்றை விரிவாக எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. அவசரமாகச் சிலதைச் சொல்கிறேன்.

மெஷினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டின் படம் கேளுங்கள், ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் 230ஐ 100 ஆக இறக்குகிற டிரான்ஸ்போமர் கட்டாயம் வேண்டும், அதன் வாட் மெஷினுடைய வாட்டைவிட நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும், அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ரீகண்டிஷன் அவ்வளவு மலிவில்லை. பின்னை மட்டும் மாற்றுகிற அடப்டர் வோல்ட்டை மாற்றாது. வீடியோ கேட்டால் சுவரில் இருக்கிற பிளக்கிலிருந்து மெஷின் வரைக்கும் வயரைக் காட்டச் சொல்லுங்கள். துடுப்பு இருக்கிறதா, பாத்திரத்தின் உள்பூச்சு உரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், இவை தொலைந்தால் தனியாகத் தேடி எடுப்பது பெரும்பாடு. காசைக் கணக்கில் முதலிலேயே போடாதீர்கள், யார் எந்த ஊர்க்காரன் என்று சொன்னாலும் சரி.

பாவிக்கிற விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான்: குரக்கனில் கோதுமைக்கு இருக்கிற அந்த இழுபடும் பசை கிடையாது, முழுக்கக் குரக்கனைப் போட்டால் கல்லாகத்தான் வரும், கோதுமை மாதான் அதிகம் இருக்க வேண்டும். குளிர் நேரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், உப்பும் ஈஸ்ட்டும் ஒன்றின் மேல் ஒன்று படாமல் போடுங்கள். மற்றதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

என்னைப் போல ஏமாந்தவர்கள் இருந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற ஃபோன் நம்பரில் சொல்லுங்கள், கோலோடு விட்டுவிடாமல் எழுத்திலும் கொடுங்கள், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் பில், காசு போட்ட ரசீது, வொய்ஸ் மெசேஜ், உரித்த ஸ்டிக்கர் எல்லாவற்றையும் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் தங்கச்சியின் ஃபோனில் பார்த்தேன், அதே படத்தை, அதே மெஷினை, "கடைசி இரண்டுதான் இருக்கு" என்று இப்போதும் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். விலையும் அதேதான், 42,500 ரூபா.