வழியில் போடும் வலி ஊசிகள்: பல வருடம் கையாண்டபின் எங்கள் தரவரிசை

குமரி மாவட்டத்துத் தக்கலையில் பைக்கில் அடிபட்டவருக்கும், ஆறுகாணியில் தென்னையிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவருக்கும் ஒரே ஊசி சரிவராது. ஆறுகாணியிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எத்தனை வளைவு, எத்தனை பள்ளம்! ஒவ்வொன்றிலும் எலும்பு அசையும். மானிட்டர், ஆக்சிஜன், அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை), பக்கத்தில் டாக்டர் இருக்கும் ஆம்புலன்ஸுக்கு மட்டுமே கீழே உள்ளவை பொருந்தும்.

எங்கள் முதல் தேர்வு ஃபென்டனில் என்ற ஓபியாய்டு, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மருந்து. சிரையில் ஏற்றினால் ஓரிரு நிமிடத்தில் பிடிக்கும். ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டு காலை நேராக்கி ஸ்பிளின்ட் (எலும்பு அசையாமல் பிடிக்கும் கட்டை) கட்டலாம். இந்த வசதி கீழே வரும் மற்ற மருந்துகளில் இவ்வளவு இல்லை. பிபியையும் பெரிதாக இறக்காது. 2 மில்லி ஆம்பியூலில் (சிறு கண்ணாடிக் குப்பி) இருப்பது 100 மைக்ரோகிராம். சலைன் சேர்த்து 10 மில்லியாக்கினால் மில்லிக்கு 10 மைக்ரோ, கணக்கு தவறாது. கிலோவுக்கு 1 மைக்ரோ என்பது பொதுவான அளவு. முதியவருக்கும் ரத்தம் இழந்தவருக்கும் அதில் பாதியில் தொடங்குவோம். வேகமாகத் தள்ளினால் மூச்சு நிற்கும். அளவும் அதிகமென்றால் நெஞ்சுத் தசை விறைத்து அம்பு பேக்கே அழுந்தாது.

ஊசி குத்த சிரை கிடைக்காத குழந்தைக்கு மூக்கு வழி உண்டு: கிலோவுக்கு 1.5 மைக்ரோ, அட்டமைசர் (மருந்தைப் பனிபோலத் தெளிக்கும் முனை) வைத்து இரண்டு துவாரத்திலும் பிரித்து. இதற்கு மருந்தை நீர்க்கக் கூடாது. ஒரு துவாரத்துக்கு 1 மில்லியைத் தாண்டினால் மிச்சம் தொண்டைக்குத்தான் போகும்.

ஃபென்டனிலின் குறை, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். நீண்ட வழிக்கு மார்ஃபின் நல்லது. மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். ஆனால் பொறுமை வேண்டும். 2 மில்லிகிராம் போட்டு, ஐந்து நிமிடம் பார்த்து, தேவையென்றால் மறுபடி. வலி குறையவில்லையே என்று அவசரப்பட்டு அடுக்கியவர்களுக்கு இருபதாவது நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து இறங்கும். இன்னொரு பொறி ஆம்பியூல். 10 மில்லிகிராமும் உண்டு, 15 மில்லிகிராமும் உண்டு. 15-ஐ உடைத்து 10 மில்லியாக்கிவிட்டு மில்லிக்கு 1 என்று நினைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மடங்கு போகும். பிபி தாழ்ந்தவர், கிட்னி கெட்டவர் என்றால் மார்ஃபினைத் தொட மாட்டோம்.

டிரமடால் சின்ன ஆஸ்பத்திரியிலும் கைக்கு எட்டும், அவ்வளவுதான் அதன் பெருமை. 100 மில்லிகிராமை இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகப் போட்டாலும் வாந்தி வரும். கழுத்தில் காலர் கட்டி மல்லாக்கப் படுத்திருப்பவர் வாந்தி எடுத்தால் ஆளைப் பலகையோடு ஒருக்களித்துத் திருப்பி, சக்ஷன் (வாயிலிருப்பதை உறிஞ்சும் கருவி) போட வேண்டும். ஓடும் வண்டியில் அது சாதாரண வேலையல்ல. வலிப்பு நோய் உள்ளவருக்கு வேண்டவே வேண்டாம்.

பென்டசோசின் கடைசி. ஓர் அளவுக்கு மேல் போட்டாலும் வலி குறையாது, பிதற்றல் கூடும். அதைவிடப் பெரிய தொல்லை, அது ஏற்பியை, அதாவது உடம்பில் மருந்து போய் ஒட்டும் இடத்தை, பிடித்துக்கொள்வதால் பின்னால் போடும் மார்ஃபின் சரியாக வேலை செய்யாது. முதலில் பார்த்த இடத்தில் இதைப் போட்டுவிட்டுச் சீட்டில் எழுதாமல் அனுப்பினால், அடுத்த இடத்தில் இருப்பவர் காரணம் தெரியாமல் குழம்புவார்.

எதையும் ஷாக்கில் (உடம்பில் ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த நிலை) இருப்பவருக்குத் தசையில் குத்தாதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்த தசையில் மருந்து தேங்கிக் கிடக்கும். சலைன் ஏறி உடம்பு சூடானதும் மொத்தமாக உள்ளே போகும்.

ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலாக்ஸோன் இல்லாமல் வண்டியைக் கிளப்பக் கூடாது. 400 மைக்ரோ ஆம்பியூலை 10 மில்லியாக்கி, மூச்சு திரும்பும்வரை ஒவ்வொரு மில்லியாகக் கொடுங்கள். முழுதும் ஒரேயடியாகப் போட்டால் மூச்சோடு வலியும் முழுசாகத் திரும்பிவரும். மார்ஃபினுக்கு முன்பே இதன் வேலை முடிந்துவிடும் என்பதால் கண்ணை எடுக்க முடியாது.

மருந்து, அளவு, நேரம் மூன்றையும் பிளாஸ்திரியில் எழுதி நோயாளியின் கையிலேயே ஒட்டிவிடுங்கள். சீட்டு தொலையும்.