கண் லென்ஸை அளக்க என்எம்ஆரா, மாஸ் ஸ்பெக்கா?

மனிதக் கண் லென்ஸுக்குள் குளுட்டாதயோன், இனோசிட்டால் போன்ற சிறு மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று அளக்க எந்தக் கருவி நல்லது என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளை அயனியாக்கி நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) என்பார்கள். நானோமோலார் அளவில் கிடப்பதையும் அது பிடித்துவிடும், என்எம்ஆருக்கு (காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையை அளக்கும் கருவி) மைக்ரோமோலாருக்குக் கீழே போனால் எதுவும் தெரியாது, அதுதான் காரணம். ஆனால் லென்ஸில் இனோசிட்டால், லாக்டேட், குளுட்டமேட் எல்லாம் மில்லிமோலார் கணக்கில் கொட்டிக் கிடக்கின்றன, அதற்கு எதற்கு அவ்வளவு கூர்மை?

எனக்கு என்எம்ஆர் பிடிக்கக் காரணம் அதன் கணக்கு நேர்மையானது. அது தரும் வரைபடத்தில் எழும் சிகரத்தின் பரப்பு அங்கிருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதம், அதனால் அளவு தெரிந்த டிஎஸ்எஸ் என்ற ஒப்பீட்டுப் பொருளைக் கொஞ்சம் குழாயில் கலந்தாலே மற்ற எல்லாவற்றின் செறிவும் கிடைத்துவிடும் (கருவி அனுப்பும் ரேடியோ அலைத் துடிப்புகளுக்கு நடுவே போதிய நேரம் விடாமல் அவசரப்பட்டால் கணக்கு பிசகும், அது வேறு). மாஸ் ஸ்பெக்கில் அப்படி முடியாது. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு மாதிரி அயனியாகும், கூடவே வரும் உப்பும் மற்றதும் அதை அமுக்கிவிடும், சரியான எண் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஐசோடோப் போட்ட தரப்பொருள் (அதே பொருளின் கனமான வடிவம்) வாங்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து "கண்புரை லென்ஸில் இது குறைவு" என்று ஒப்பீட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறைய.

சரி, மாஸ் ஸ்பெக் ஜெயிக்கும் இடமும் உண்டு. புற ஊதாக் கதிரை வடிகட்டும் கைனுரெனின் வகைகளில் சில மிகக் குறைவாகவே இருக்கும், என்எம்ஆரில் மற்ற சிகரங்களுக்கு அடியில் புதைந்துவிடும். அப்புறம், அறுவைச் சிகிச்சையின்போது எடுக்கும் முன்கண் நீர் (லென்ஸுக்கு முன்னால் இருக்கும் தெளிந்த திரவம்) 100 மைக்ரோலிட்டர் போலத்தான் கிடைக்கும், வழக்கமான 5 மில்லிமீட்டர் என்எம்ஆர் குழாய்க்கோ அரை மில்லிலிட்டர் வேண்டும்.

2002 வேதியியல் நோபலிலேயே ஒரு பாதி மாஸ் ஸ்பெக்குக்கு, ஃபென்னும் தனாகாவும் வாங்கினார்கள், மறுபாதி என்எம்ஆருக்கு, வூத்ரிக் வாங்கினார். நோபல் குழுவாலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை போல!

எந்தக் கருவியானாலும், கண் தானம் செய்தவர் இறந்த நேரத்துக்கும் உறையவைத்த நேரத்துக்கும் நடுவே போன மணிநேரத்தைத் திருத்த முடியாது. ரத்தநாளமே இல்லாத லென்ஸ் மெதுவாகத்தான் மாறும், முன்கண் நீர் அப்படியில்லை, அதனால் தானக் கண்ணில் எடுத்த நீரையும் அறுவைச் சிகிச்சையில் எடுத்ததையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.

நானாக இருந்தால் மெத்தனாலில் புரதத்தைப் படியவைத்து, எடுத்த சாற்றை உலர்த்துவதற்கு முன்பே இரண்டாகப் பிரித்து இரண்டு கருவிக்கும் கொடுப்பேன். என்எம்ஆர் மாதிரியை அழிக்காதுதானே, முடிந்ததும் அதையே மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பலாமே என்று தோன்றும், ஆனால் என்எம்ஆருக்காக அதில் கலந்த பாஸ்பேட் உப்பு அங்கே ஆகாது.